சோகம் வருகிறது, ஏக்கம் வரவில்லை: ஒரு பிரிவுப் பாட்டைப் பற்றி

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த வகையில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஒருமுறை ஏறினால் இறங்க மாதக்கணக்கில் ஆகும். அவரை நினைத்து நீங்களே ஒரு பாட்டு எழுதி, சிவரஞ்சனி ராகத்தில் மெட்டும் போட்டிருக்கிறீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் “ரொம்பச் சோகமா இருக்கு” என்கிறார்கள். ஒருவர் “யாராவது இறந்துட்டாங்களா?” என்றே கேட்டுவிட்டார். நீங்கள் நினைத்தது ஏக்கம், பாட்டில் வந்தது துக்கம். அதனால் ராகத்தை மாற்றலாமா, மாற்றினால் எந்த ராகம் என்று கேட்கிறீர்கள். கூடவே, அவர் கப்பலில் இருக்கும்போதே இந்தப் பாட்டை அவருக்கு அனுப்பலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். “நீயில்லா வாழ்வே வெறுமை, நெஞ்செல்லாம் கண்ணீர்க் கடலே, தனிமைதான் என் சொந்தம் இனி” என்பது உங்கள் பல்லவி. மூன்று வரிக்கும் ஸ்வரமும் கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது ராகத்தைப் பற்றி. ஆனால் உங்களைத் தொந்தரவு செய்யும் விஷயம் வேறு என்று நினைக்கிறேன். பிரிந்திருப்பவர் திரும்பி வரப்போகிறவர் என்பது பாட்டைக் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் உண்மையான கேள்வி. அதற்கு ராகம் கொஞ்சம் உதவும். சொல்லும், வரி போய் நிற்கும் இடமும் அதைவிட அதிகம் உதவும். பல வருடங்களாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், நாட்டிய நிகழ்ச்சிகளுக்குப் பாடுகிறேன், தேவைப்படும்போது மெட்டும் அமைக்கிறேன். நாட்டியத்துக்குப் பாடுகிறவர்களுக்குப் பிரிவைச் சொல்லும் பதங்கள், அதாவது அபிநயத்துக்கான மெதுவான பாட்டுகள்தான் பாதி வாழ்க்கை. அந்தப் பழக்கத்தில் இருந்துதான் பேசுகிறேன். ஒலிப்பதிவு, வாத்தியச் சேர்க்கை இதெல்லாம் என் துறை இல்லை. உங்கள் குரலையும் கேட்கவில்லை. எழுத்தில் இருக்கும் வரியையும் ஸ்வரத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இழவையும் ஏக்கத்தையும் பிரித்துப் பார்ப்போம். நம் பழைய இலக்கணம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. இறந்தவரை நினைத்துப் பாடுவது கையறுநிலை. அது புறத்தைச் சேர்ந்தது. உயிரோடு தூரத்தில் இருப்பவரை நினைத்துப் பாடுவது அகம். அந்த அகத்துக்குள்ளேயும் பிரிவு பாலைக்கு, காத்திருத்தல் முல்லைக்கு, இரங்கல் நெய்தலுக்கு என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். பொருள் தேடப் பிரிவது என்பது அதில் ஒரு தனித் துறை. “முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை” என்று தொல்காப்பியத்தில் ஒரு சூத்திரம் வருகிறது. கடல் வழியாகப் போகும்போது மனைவியை அழைத்துப் போவதில்லை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு அவ்வளவு பழைய இலக்கணம் இருக்கிறது. கையறுநிலையில் இருப்பவருக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அதனால் அங்கே நினைவும் புலம்பலும்தான் இருக்கும். முல்லையில் இருப்பவளுக்கு ஒரு நாள் சொல்லப்பட்டிருக்கிறது. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவள் வருத்தம் முழுக்க அந்த நாளைச் சுற்றித்தான் இருக்கிறது. ஏக்கத்தின் உயிர் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் என்ன ராகத்தில் பாடினாலும் ஒப்பாரி ஆகிவிடும்.

இப்போது உங்கள் மூன்றாம் வரியைப் பாருங்கள். “தனிமைதான் என் சொந்தம் இனி.” அந்த “இனி” என்ற ஒரு சொல் கதவைச் சாத்திவிடுகிறது. இனிமேல் இப்படித்தான் என்று முடிவாகிவிட்டது. கேட்டவர் இறப்பைப் பற்றி விசாரித்ததில் ஆச்சரியமே இல்லை, அந்த வரி அப்படித்தான் சொல்கிறது. முதல் இரண்டு வரிகளும் அதே வழியில்தான் போகின்றன. வெறுமை, கண்ணீர், கடல் என்று உணர்ச்சியின் பெயர்களாக அடுக்கியிருக்கிறீர்கள். அவை பொய் என்று சொல்லவில்லை, அனுபவித்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் கேட்பவருக்கு அந்தப் பெயர்களில் பார்க்க எதுவும் இல்லை.

நல்ல பிரிவுப் பாட்டில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கக் குறுந்தொகையின் 66-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் சொன்ன பருவம் வந்துவிட்டதோ என்று கலங்குகிற தலைவிக்குத் தோழி சொல்வது. கொன்றை பூத்துவிட்டது, கார்காலம் வந்தால்தான் கொன்றை பூக்கும், ஆனால் அவன் வரவில்லை. தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? இந்தக் கொன்றை மரம் அறிவில்லாதது, காலம் தவறிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டது என்கிறாள். அவன் சொன்ன நாள் இன்னும் வரவில்லை, மரம்தான் ஏமாந்துபோனது என்று பழியை மரத்தின் மேல் போடுகிறாள். அவளுக்கே அது உண்மையா என்று தெரியாது. அழுகை என்ற சொல்லே அந்தப் பாட்டில் கிடையாது. ஆனாலும் படித்து முடித்ததும் நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் நாம் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டோம்.

திருக்குறளில் காமத்துப்பாலின் கற்பியல் பகுதியில் பாதிக்கு மேல் இந்தப் பிரிவுதான். அதில் 1203-ஆம் குறளை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. தும்மல் வருவதுபோல் வந்து வராமல் போய்விட்டது, அப்படியானால் அவர் என்னை நினைக்கத் தொடங்கி நினைக்காமல் விட்டுவிட்டாரோ என்று கேட்கிறாள். எவ்வளவு சின்ன விஷயம்! ஒரு நொடியில் வந்து போன தும்மல். அதற்குள் ஒரு நம்பிக்கை எழுந்து இறங்கிவிடுகிறது. 1261-இல் அவர் போன நாட்களைச் சுவரில் கோடு போட்டுத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்துபோனதாகச் சொல்கிறாள். இரண்டிலும் உடம்பும் பொருளும் செயலும்தான் இருக்கின்றன. உணர்ச்சியை நாமே அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். நாமே எடுத்துக்கொள்வதால்தான் அது நம்முடையதாகவும் ஆகிவிடுகிறது.

உங்கள் வீட்டில் இப்படி என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் தேட வேண்டும். ஆனால் ஒன்றை ஊகிக்க முடிகிறது. நடுக்கடலில் நெட்வொர்க் இல்லாதபோது நீங்கள் அனுப்பும் செய்தி ஒற்றை டிக்கிலேயே நிற்கும். எப்போதாவது அது இரண்டாகும். அந்த இரண்டாவது டிக்குக்காகப் போனை எடுத்துப் பார்ப்பது இருக்கிறதே, அது அந்தக் குறள் சொல்கிற தும்மல்தான். பழைய பெண் தும்மலைப் பார்த்தாள், நீங்கள் திரையைப் பார்க்கிறீர்கள். சைன் ஆஃப் தேதி, அதாவது கப்பலை விட்டு இறங்கும் நாளைச் சொல்லிவிட்டு, மாற்று ஆள் வரவில்லை என்று தள்ளிப்போடுவதும் நடக்கும். அது அப்படியே காலம் தவறிப் பூத்த கொன்றை. இதை எல்லாம் பாட்டில் கொண்டுவரக் கூச்சப்பட வேண்டாம். போனும் தேதியும் கவிதைக்குரிய பொருள் இல்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குறள் எழுதப்பட்ட காலத்தில் தும்மலும் சுவர்க்கோடும் அன்றாட விஷயம்தானே.

எப்படி வரலாம் என்று காட்ட நான்கு வரி எழுதிப் பார்த்தேன். “அனுப்பிய சேதிக்கு ஒற்றைக் குறிதான் இன்னும், அடுத்த துறைமுகம் எதுவோ, மடித்த சட்டையை மறுபடி மடிக்கிறேன், மழைக்கு முன் வருவாயோ.” இதைப் பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். சட்டை நானாகப் போட்டது, அதற்குப் பதில் உங்கள் வீட்டுப் பொருள் வர வேண்டும். ஆனால் வரிகள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். “எதுவோ”, “வருவாயோ” என்று கேள்வியில் முடிகின்றன. ஓகாரத்தில் முடித்தால் இரண்டு லாபம். பதில் தெரியாமல் நிற்கும் மனநிலை வந்துவிடும். அப்புறம், பாடகருக்கு நீட்டி நிற்க ஒரு நெடில் கிடைக்கும். “வெறுமை” என்று ஐகாரத்தில் முடித்தால் வாயைத் திறந்து நிற்க முடியாது, குரல் அங்கேயே சுருங்கிவிடும். பாட்டு எழுதுகிறவர்கள் வரியின் கடைசி எழுத்தை வாய்விட்டுப் பாடிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

யாரிடம் பாடுகிறீர்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. உங்கள் பாட்டு முழுக்க “நீ” என்று கணவரிடமே பேசுகிறது. தவறில்லை. ஆனால் அவர் எதிரில் இல்லை, அவரால் கேட்க முடியாது என்பதுதான் பாட்டின் நிலைமையே. அதனால்தான் அக மரபில் பேச்சு பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நடக்கும். தோழியிடம், தன் நெஞ்சிடம், மாலைப் பொழுதிடம். ஆண்டாள் மேகத்திடமும் குயிலிடமும் சொல்கிறாள். கண்ணை மூடித் தரையில் வட்டம் வரைந்து, இரண்டு முனையும் கூடினால் அவன் வருவான் என்று கூடலிடம் கேட்கிறாள். பதில் சொல்ல முடியாத ஒன்றிடம் கேட்கும்போது, பதில் சொல்லக்கூடியவர் இங்கே இல்லை என்பது சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. முழுப் பாட்டையும் மாற்ற வேண்டாம். சரணத்தில் ஒரு இடத்திலாவது வீட்டில் இருக்கும் ஏதோ ஒன்றிடம் திரும்பிப் பேசிவிட்டு, கடைசியில் “நீ” என்று அவரிடம் வந்தால் அந்த “நீ”க்கு எடை கூடும். இன்னொன்று, சரணத்தில் அவர் பெயரை வைக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் கேட்பவர் ஒவ்வொருவரும் தன் ஆளை அந்த இடத்தில் வைத்துக்கொள்வார்.

சரி, ராகத்துக்கு வருகிறேன். சிவரஞ்சனியை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதன் ஸ்வரங்கள் உங்களுக்குத் தெரியும், ச ரி க ப த, அதாவது சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம். இதில் காந்தாரத்தை மட்டும் அரை ஸ்வரம் மேலே ஏற்றினால் மோகனம். தமிழ்க் காதுக்கு மோகனம்போல் மலர்ச்சியான ராகம் குறைவு. அந்த ஒரே ஒரு காந்தாரம் கீழே இறங்கியதும் முகம் மாறிவிடுகிறது. ஆக, மகிழ்ச்சிக்கு மிக அருகில் இருந்துகொண்டு அங்கே போகாத ராகம் அது. ஏக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? மெல்லிசையில் சிவரஞ்சனி பாடும்போது மோகனத்தின் காந்தாரத்தை ஒரு நொடி தொட்டுவிட்டு விலகுவார்கள். கச்சேரி முறைப்படி அது சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அந்த முறைக்குள் அவர்கள் சொல்வது நியாயம்தான். உங்கள் பாட்டு கச்சேரிப் பாட்டு இல்லை. அவர் வீட்டுக்கு வந்திருந்த நாளைப் பற்றி ஒரு வரி சரணத்தில் வந்தால், அந்த வரியில் மட்டும், ஒரே ஒரு தடவை, மோகனத்தின் அந்த அந்தர காந்தாரத்தைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த வரியிலேயே சாதாரண காந்தாரத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை தொட்டால் ராகம் குழம்பிப்போகும்.

ராகத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பில் எது உறுதி, எது பேச்சு என்று கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். 2012-இல் ப்ளோஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும், தமிழ் பேசுவோரின் குரலையும் ஆங்கிலம் பேசுவோரின் குரலையும் சேர்த்து அளந்து பார்த்தார்கள். உற்சாகமான உணர்ச்சிக்கான மெட்டுகளில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும் தூரம் பெரிதாகவும், அடங்கிய சோகமான மெட்டுகளில் சிறிதாகவும் இருந்தது. பேச்சிலும் அதே போக்கு தெரிந்தது. இரண்டு மரபிலும் இது பொதுவாக இருந்ததால், சின்னச் சின்ன அடியாக நகரும் மெட்டு சோர்வாகக் கேட்பதற்கு நம் பேச்சுக் குரலே காரணமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு உற்சாகத்தையும் சோர்வையும்தான் பிரித்தது. இழவையும் ஏக்கத்தையும் பிரிக்க அது உதவாது. அதைப் பிரிக்கிற ராகம் எது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். முகாரி என்றால் அழுகை என்று எல்லாரும் சொல்வார்கள், பேச்சு வழக்கிலேயே “முகாரி பாடாதே” என்று வந்துவிட்டது. ஆனால் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியந்து தியாகராஜர் பாடிய “எந்தனினே” முகாரியில்தான் இருக்கிறது. அதில் அழுகை எங்கே?

ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன், அது உங்கள் மெட்டுக்கு நேராக உதவும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி இரண்டும் உருக்கத்துக்குப் பேர்போனவை. இரண்டுமே நிஷாதாந்திய ராகங்கள். மேலே போகும்போது நிஷாதம் வரைதான் போகும். மேல் சட்ஜத்தைத் தொடாமலே திரும்பிவிடும். கேட்கிற காது சட்ஜத்தை எதிர்பார்க்கிறது, அது கிடைப்பதில்லை. இதையே காரணம் என்று நிறுவ முடியாது, ஏனென்றால் குறிஞ்சியும் மேல் சட்ஜத்தைத் தொடாமல் தைவதத்தோடு திரும்பிவிடும் தைவதாந்திய ராகம்தான், அது லாலிப் பாட்டுக்கும் மங்கலத்துக்கும் உரிய ராகமாக இருக்கிறது. எனவே சட்ஜத்துக்குப் போகாமல் இருப்பது மட்டும் ஏக்கத்தைக் கொண்டுவராது. ஆனால் சொல்லில் எதிர்பார்ப்பு இருந்து, மெட்டும் சட்ஜத்தைத் தள்ளிப்போட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். இதை மாணவர்களோடு பாடிப் பார்த்து உறுதியாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் ஸ்வரத்தில் என் கண்ணில் முதலில் பட்டதே இதுதான். மூன்று வரியும் சட்ஜத்தில் வந்து முடிகின்றன. முதல் வரி ஏறி பஞ்சம தைவதம் தொட்டு நேராக இறங்கி “க ரி ச”. இரண்டாவது வரி பஞ்சமத்தில் தொடங்கி, மேல் சட்ஜம் போய், மறுபடியும் “க ரி ச”. மூன்றாவது மேல் காந்தாரம் வரை போய், மொத்தமாகக் கீழே இறங்கி “க ரி ச”. ஒவ்வொரு வரியும் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. எதிர்பார்க்க எதுவும் மிச்சமில்லை. சோர்ந்து கீழே உட்காருவது மூன்று தடவை கேட்கிறது, அவ்வளவுதான். சொல்லில் “இனி” செய்த வேலையை மெட்டில் இந்தச் சட்ஜம் செய்கிறது.

மாற்றிப் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். முதல் வரியை “ச ரி க ப க ரி” என்று கொண்டுவந்து ரிஷபத்தில் நிறுத்துங்கள். தம்புராவில் சட்ஜமும் பஞ்சமமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ரிஷபத்தை நீட்டி நிறுத்தினால், ஒரு படி இறங்கினால் போதும் என்று காது தவிக்கும். இறங்காதீர்கள். கேட்பவர் சங்கீதம் படித்திருக்க வேண்டியதே இல்லை, அந்தத் தவிப்பு எல்லாருக்கும் வரும். இரண்டாவது வரியைக் கீழ்த் தைவதத்தில் இருந்து எடுத்துப் பஞ்சமத்தில் விடுங்கள். மூன்றாவது வரியில் மேல் ஸ்தாயிக்கே போக வேண்டாம். மேலே போய்க் கத்துவது கையறுநிலைக்குப் பொருந்தும். காத்திருப்பவள் பக்கத்தில் இருக்கும் ஆளிடம் பேசுகிற உயரத்தில்தான் பேசுவாள். மேல் ஸ்தாயியைக் கடைசிச் சரணத்தில் ஒரு வரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்ஜத்துக்கு எப்போது வருவது? “வருவாயோ” போன்ற கேள்வி வரியில் வரவே கூடாது. அவரைப் பற்றிய நிச்சயமான ஒரு செய்தி இருந்தால், அவர் சொன்ன ஒரு வார்த்தை, அவர் விட்டுப்போன ஒரு பொருள், அந்த வரி மட்டும் சட்ஜத்தில் உட்காரட்டும். பாட்டில் நிலையான விஷயம் அது ஒன்றுதான் என்று அப்போது புரியும்.

தாளத்தில் ஒரு சின்ன மாற்றம். ஆதி தாளத்தில் சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே எடுத்திருக்கிறீர்கள். அரை இடம் தள்ளி, அனாகதமாக எடுங்கள். முதல் தட்டு விழுந்து, யாரும் பாடாமல், அதற்கு அப்புறம் குரல் வர வேண்டும். அந்த அரை இடத்தில் பாடுபவர் யோசித்துப் பேசத் தொடங்குவதுபோல் இருக்கும். பதங்கள் பாடுகிறவர்களுக்கு இந்த எடுப்பின் சுகம் தெரியும். காலப்பிரமாணத்தையும், அதாவது பாட்டின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். சோகம் என்றதும் எல்லாரும் மிகவும் இழுத்துவிடுகிறார்கள். இழுக்க இழுக்க அது சவ ஊர்வலத்தின் நடையாகிவிடும். காத்திருப்பவரின் மனசு மெதுவாக நடப்பதில்லை, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும். நடுத்தர வேகமான மத்திம காலத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் போதும்.

பாடும்போது குரலை உடைக்க வேண்டாம். வளரும் பாடகர்கள் உருக்கமான இடம் வந்தாலே விசும்புவதுபோல் ஒரு சத்தம் சேர்ப்பார்கள், காந்தாரத்தைப் போட்டு ஆட்டுவார்கள். நான் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் எடுத்துப்போடச் சொல்வது அதைத்தான். பாடுகிறவர் அழுதுவிட்டால் கேட்கிறவருக்கு வேலை இல்லை. சிவரஞ்சனியின் காந்தாரத்தை அதிகம் அசைக்காமல், ஸ்ருதியில் நேராக நிறுத்துங்கள். அந்த ஸ்வரம் தன் வேலையைத் தானே செய்யும். வரிக்கு வரி நடுவே தம்புரா மட்டும் கேட்கும்படி ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று விட்டாலும் நல்லது. அந்த இடைவெளியை வயலினோ புல்லாங்குழலோ கொண்டு நிரப்பாதீர்கள்.

சோகப் பாட்டை மனிதர்கள் ஏன் விரும்பித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். இதில் முடிவான பதில் இன்னும் யாரிடமும் இல்லை. டேவிட் ஹ்யூரான் என்ற இசை ஆய்வாளர் 2011-இல் ஒரு கருத்து சொன்னார். துயரத்தில் ஆறுதல் தருவதற்காக உடம்பில் சுரக்கும் புரோலாக்டின் சோகப் பாட்டைக் கேட்கும்போதும் சுரக்கலாம், உண்மையான இழப்பு இல்லாததால் ஆறுதல் மட்டும் மிஞ்சலாம் என்பது அது. அழகான யோசனை, ஆனால் நிரூபிக்கப்பட்ட விஷயமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014-இல் 772 பேரிடம் கேட்டு வெளியான ஓர் ஆய்வில், சோக இசை தங்களுக்குள் அதிகம் எழுப்புவதாக மக்கள் சொன்னது சோகத்தை இல்லை, பழைய நினைவின் ஏக்கத்தைத்தான். மக்கள் தாங்களே சொன்னது என்பதால் அதற்கும் எல்லை உண்டு. ஆனால் என் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. நல்ல பிரிவுப் பாட்டு முடிந்ததும் சபையில் இருப்பவர்கள் பாடகரைப் பார்ப்பதில்லை, தங்கள் யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசிக் கேள்வி, அவருக்கு அனுப்பலாமா என்பது. இது சங்கீதக் கேள்வி இல்லை, உங்கள் இருவரையும் எனக்குத் தெரியவும் தெரியாது. பாடுகிறவராக என் எண்ணத்தை மட்டும் சொல்கிறேன். இப்போது இருக்கும் வடிவத்தில் அனுப்ப வேண்டாம். இறங்கி வர முடியாத இடத்தில் நிற்கும் ஒருவருக்கு “வெறுமை, கண்ணீர், இனி தனிமை” என்று போனால், அவரால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. போகாமல் இருப்பாயானால் என்னிடம் சொல், போய் வருகிற கதையை அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்று குறள் 1151-இல் அவள் சொல்கிறாள். ஆனால் அது அவன் இன்னும் வாசலைத் தாண்டாதபோது சொன்னது. தாண்டிப் போனவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. ஒற்றை டிக்கும், மடித்த சட்டையும், மழைக்கு முன்னால் வருவாயோ என்ற கேள்வியும் உள்ள பாட்டு வேறு. அதில் அவருக்கு வீடு கேட்கும். தான் இல்லாத வீட்டில் தனக்கு ஓர் இடம் அப்படியே இருப்பதும் கேட்கும். அதை அனுப்பலாம், அவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார் என்று நினைக்கிறேன். பின்னணி இசை எதுவும் சேர்க்காமல், போனில் ஸ்ருதி ஆப் ஒன்றைத் தம்புராவாக வைத்துக்கொண்டு, பல்லவியும் ஒரு சரணமும் மட்டும் பாடிப் பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டாம், கப்பலில் கிடைக்கும் நெட்டுக்குச் சின்ன ஆடியோ ஃபைல்தான் போய்ச் சேரும். மாற்றிய ஸ்வரத்தை இங்கே எழுதினால், வரி முடியும் இடங்களை மறுபடி ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.